மூவர் அமரும் முன்சீட்

சீட் முழுவதும் காய்ந்துவிட்டது. ஓட்டுநர் உட்காரும் இடம் மட்டும் காயவில்லை.

நான்கு நாட்களாக அது பட்டறைக்கு வெளியே இரண்டு மரத் தாங்கிகளின் மேல் கிடந்தது. தென்கோளத்தில் ஜூன் குளிர்காலம். அந்த மேல்காற்று, துவைத்துப் போட்ட ஜீன்ஸை ஒரு மணி நேரத்தில் அட்டையாக விறைக்க வைக்கும் காற்று. ராஸ் பென்கெல்லி முப்பத்தெட்டு வருடங்களாகக் கார் சீட்டுகளைப் பிரித்துத் தைப்பவன். ஈரம் எந்த மூலையில் போய் ஒளியும், எத்தனை நாள் குடித்தனம் நடத்தும், எந்த வெயிலுக்கு மூட்டை கட்டும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. அவன் கட்டைவிரலால் அந்த இடத்தை அழுத்தினான். பழைய சிவப்பு வினைலின் தையல் வழியே பழுப்புத் தண்ணீர் ஊறி வந்து நகத்தைச் சுற்றி நின்றது. ஆற்றுச் சேற்றின் நாற்றம். அதுகூடப் பரவாயில்லை. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது.

"என்னடா ராஸ், சீட்டு ராத்திரியெல்லாம் ஒண்ணுக்குப் போகுதா?" எதிர்ப்புற டயர் கடையின் ஸ்டாவ் ஒரு கையில் இறைச்சி அடைத்துச் சுட்ட மீட் பையும் இன்னொரு கையில் சாஸ் பாக்கெட்டுமாக வந்து நின்றான். அடுத்தவன் பட்டறையில் நின்று சாப்பிட்டால்தான் அவனுக்குச் செரிக்கும்.

"வெள்ளத் தண்ணிடா. உள்ள குதிரை மயிரு. லேசுல காயாது."

"அப்ப இந்தப் பக்கம் கழுதை மயிரா? இது மட்டும் காஞ்சு கெடக்கே."

ராஸ் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அது அறுபத்து நான்காம் வருடத்து ஹோல்டன் கார் ஒன்றின் முன்சீட். இடையில் பிரிவில்லாமல் பெஞ்சுபோல நீண்டு, மூன்று பேர் தோள் உரசி உட்காரும் சீட். கார் கெவ் ஆஸ்ட்லருடையது. பிப்ரவரி வெள்ளத்தில் கெவ் அந்தக் காருக்குள்ளேயே செத்துப்போனான்.

திங்கட்கிழமை காலை கெவ்வின் மனைவி நெரிடா தன் பிக்கப் வண்டியில் சீட்டைக் கயிறு போட்டுக் கட்டி எடுத்து வந்தாள். கறுப்பும் பச்சையுமாகப் பூசணம் பூத்து, ஆட்டுத்தோல் போர்த்தியதுபோல இருந்தது. சீட்டின் மறுமுனையை ராஸ் பிடிக்க, இருவருமாக இறக்கி வைத்தார்கள்.

"சனிக்கிழமை கார் க்ளப் ஷோ. வெள்ளத்துக்கப்புறம் மொத ஷோ. கெவ் வண்டி அங்க நிக்கணும், ராஸ்."

"உள்ள இருக்கறத எல்லாம் தூக்கிப் போட்டுட்டு ஃபோம் வச்சுத் தரேன், நெரிடா. இது அழுகிப்போச்சு."

"மேல தோலு மட்டும் புதுசா போடு. உள்ள இருக்கறது உள்ளயே இருக்கட்டும். ஸ்பிரிங், மயிரு, கோணி, எல்லாம். ஒரிஜினல் ஒண்ணு கொறஞ்சா ஜட்ஜுங்க என்ன பண்ணுவாங்கன்னு நான் உனக்குச் சொல்லித் தரணுமா?"

சொல்லித் தர வேண்டியதில்லை. வேறு யாராவது இப்படியொரு சோபாவைக் கொண்டுவந்திருந்தால் கையுறை போட்டுத் தொட்டு, குப்பைக் கிடங்கின் வழியைக் காட்டியிருப்பான். ஆனால் இது கார்க்காரர்கள் ஊர். தொழிற்சாலையில் வைத்த குதிரை மயிர் என்றால் அது கோயில் பிரசாதம். அழுகினாலும் வெளியே எறிய மாட்டார்கள். கழுவி, வினிகர் தெளித்து, கிராம்பு எண்ணெய் தடவி, வெயில் காட்டி, வந்த வழியே திருப்பித் திணிப்பார்கள்.

மறுப்பதற்கு ராஸுக்கு வேறொரு காரணம் இருந்தது. அதனாலேயே மறுக்கவும் முடியவில்லை. வெள்ளத்தன்று தன் படகு கெவ் வீட்டுத் தெருவுக்குள் போகவே இல்லை என்று அவன் போலீஸில் சொல்லியிருந்தான். சாவு வீட்டில் நெரிடாவின் கையைப் பிடித்துக்கொண்டும் அதையே சொல்லியிருந்தான். இப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டால் ஏன் என்று ஒரு கேள்வி முளைக்கும்.

படகு போயிருந்தது.

கெவ் அன்று செய்தது கார்ப் பைத்தியங்கள் மட்டுமே செய்யக்கூடிய காரியம். வீட்டுக் கூரையில் ஏறியிருக்கலாம். அவன் கொட்டகையில் காரைத் தூக்கும் இயந்திரத்தின் மேல் ஹோல்டனை ஏற்றி, இருக்கிற உயரம் முழுக்கத் தூக்கி, தானும் அதற்குள் காவலுக்கு உட்கார்ந்தான். மின்சாரம் போனது. கார் இறங்கவில்லை. இரு பக்கமும் இயந்திரத்தின் இரும்புத் தூண்கள் தடுத்ததால் கதவுகள் ஒரு சாணுக்கு மேல் திறக்கவில்லை. சன்னல் வழியே வெளியேற கெவ்வின் வயிறு இடம் தரவில்லை. இரண்டு கைகள் வெளியிலிருந்து பிடித்து இழுத்திருந்தால் வந்திருப்பான். அலுமினியப் படகில் ராஸ் அந்த வாசல் வரைக்கும் போனான். படகில் அவனுடைய தையல் மெஷின் இருந்தது, அதன் இரும்பு மேசையோடு; நான்கு முழுத் தோல்களும் இருந்தன. கெவ்வை ஏற்ற வேண்டுமென்றால் மெஷினைத் தண்ணீரில் தள்ள வேண்டும்.

"இத மேட்டுல எறக்கிட்டு வரேன் கெவ். பத்தே நிமிஷம்."

மேட்டில் யாரோ அவன் கையில் ஒரு கோப்பைத் தேநீரைக் கொடுத்தார்கள். மழை கனத்தது. தண்ணீரின் இழுப்பு பலமாகிவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கெவ் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான். தண்ணீரைத் தாண்டி அது பசுமாட்டின் குரல்போல வந்தது. பதினோரு மணிக்குச் சற்று முன்னால் நின்றது.

வியாழக்கிழமை காலை அவன் சீட்டை உள்ளே கொண்டுவந்து மேசைமேல் குப்புறக் கிடத்தினான். கிராம்பு எண்ணெயின் காரம் மூக்கைத் துளைத்தது. அதற்கடியில் ஆறு நாறியது. இரண்டுக்கும் அடியில், நின்று மோந்தால் மட்டும் தெரிகிற மாதிரி, கெவ் எப்போதும் வாயில் போட்டுக் குதப்பும் பெப்பர்மின்ட் வாசனை. முதுகுப்பக்க வினைலில் பேனாக்கத்தியால் கிழித்த ஒரு கீறல் இருந்தது. ஒரு முழ நீளம், நேர்கோடு. ஆற்றில் மிதந்த கட்டை இடித்தால் இப்படிக் கிழியாது. அவன் வளையக் கொக்கிகளை ஒவ்வொன்றாக வெட்டினான். டிக். டிக். வினைலை உரித்தான்.

சீட் தைப்பவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. உள்ளே கோணியின்மேல் மெழுகுப் பென்சிலால் பெயரும் வருடமும் எழுதிவிட்டுத்தான் மூடுவார்கள். காரின் சொந்தக்காரன் அதைப் பார்க்கப்போவதில்லை. இருபது, முப்பது வருடம் கழித்துப் பிரிக்கப்போகிற இன்னொரு தையல்காரனுக்கான வணக்கம் அது. இந்தக் கோணியில் ராஸின் கையெழுத்தே இருந்தது. ராஸ் பென்கெல்லி, 1996. கெவ்வின் காரை அன்று முதல் அவனைத் தவிர யாரும் தொட்டதில்லை.

அதற்குக் கீழே, கீறல் இருந்த இடத்தில், வேறொரு கை எழுதியிருந்தது. மெழுகுப் பென்சில் தண்ணீருக்குக் கரையாது.

9.40 ராஸ் வந்தான். பத்து நிமிஷமாம்.

10.10 டீ குடிக்கிறான் போல.

10.50

அதற்குப் பிறகு எதுவும் இல்லை. கடைசிச் சுழியிலிருந்து ஒரு கோடு மட்டும் இழுபட்டுக் கோணியின் ஓரம்வரை போயிருந்தது.

ராஸ் கத்தரிக்கோலைக் கீழே வைத்தான். வெளியே மேக்பைப் பறவைகள் கத்துவது காதில் விழுந்தது. ஸ்டாவின் காற்றுக் கம்ப்ரஸர் ஓடி நின்றது. உலகம் அதன் போக்கில் நடந்துகொண்டிருந்தது. இது போலீஸுக்கு எழுதியதல்ல. போலீஸ்காரன் எவனும் சீட்டை உரித்துப் பார்க்க மாட்டான். இதை யார் பிரிப்பான் என்று கெவ்வுக்குத் தெரியும். கழுத்தளவு தண்ணீரிலும் அவன் விலாசம் தப்பாமல் எழுதியிருக்கிறான்.

கோணியை வெட்டி எடுத்தான். கொல்லையில் பழைய டிரம்மில் போட்டுக் கொளுத்தினான். அது எரிய மாட்டேன் என்று அடம்பிடித்தது. பெட்ரோல் ஊற்றிய பிறகும் சாம்பலாவதற்கு ஒரு மணி நேரம் பிடித்தது. புதுக் கோணியை எடுத்து, அதைத் தேநீர்த் தண்ணீரில் முக்கிப் பழசாக்கினான். ஜட்ஜுகளை ஏமாற்றும் வித்தையில் அவனுக்கு ஊரில் ஜோடி கிடையாது. குதிரை மயிர்மேல் அதை விரித்துக் கட்டினான். பழசுக்கும் புதுசுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

மதியச் சாப்பாட்டுக்குப் போய்த் திரும்பியபோது புதுக் கோணியில் பூசணம் பூத்திருந்தது.

முதலில் புள்ளிகள். கம்பளிப்பூச்சியின் மயிர்போல நுண்ணிய கறுப்பு இழைகள் பின்னலின் கண்களுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தன. சாய்வாகப் பார்த்தபோது அவை வரிசையாக இருந்தன. நேராகப் பார்த்தபோது எழுத்துகளாக இருந்தன. அதே மூன்று வரிகள், அதே கையெழுத்து, அதே இழுபட்ட கோடு. அவற்றுக்குக் கீழே, அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்த ஈரப் பளபளப்போடு, நான்காவதாக ஒரு வரி.

மெஷின் நல்லா இருக்கா?

கிராம்பு எண்ணெயைப் புட்டியோடு கவிழ்த்தான். தேய்த்தான். விரல் நகங்கள் எரியத் தேய்த்தான். எழுத்துகள் போயின.

"மெஷின் நல்லா இருக்கா?"

அவன் அலறிவிட்டான்.

வாசலில் நெரிடா நின்றுகொண்டிருந்தாள். கையில் துணி மூடிய தட்டு. அவள் அவனைப் பார்க்கவில்லை. மூலையில் இருந்த தையல் மெஷினை, குதிரையின் கழுத்தைத் தட்டிக்கொடுப்பதுபோல, மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னப்பா இப்படிப் பதறுறே? வேலைக்கு நடுவுல சாப்புடறது இல்லன்னு ஸ்டாவ் சொன்னான். லாமிங்டன் கேக் பண்ணேன்." தட்டை மேசையில் வைத்தாள். "ஊருல பாதிப் பேரு மெஷினு சேத்துக்குள்ள போச்சு. ஒனக்கு மட்டும் தப்பிச்சது பாரு. சமத்துதான் நீ."

"முன்கூட்டியே… மாடியில ஏத்திட்டேன்."

"மாடியா. அப்படியா?" அவள் சீட்டின் பக்கம் வந்தாள். ராஸ் குறுக்கே நின்றான். தேய்த்து முடித்த கோணி அவனுடைய முதுகுக்குப் பின்னால் இருந்தது. முதுகில் சட்டை நனைவது தெரிந்தது. வியர்வையல்ல. பின்னாலிருந்து நனைந்தது.

"பாக்க விடமாட்டியா?"

"முடிச்சிட்டுக் காட்டறேன் நெரிடா. பாதியில பாத்தா நல்லா இருக்காது."

"சரி சரி. முழுசாவே பாக்கறேன்." வாசலில் நின்று திரும்பினாள். "ராஸ். அன்னைக்கு எங்க தெருவுக்குள்ள ஒன்னால வர முடியல இல்ல?"

கேள்வி சாதாரணமாகத்தான் வந்தது. அவள் கண்கள் சாதாரணமாக இல்லை. அவன் உண்மையைச் சொல்லியிருக்கலாம். பட்டறையில் வேறு யாரும் இல்லை. தரையில் சொட்டுகிற தண்ணீர்கூட ஒரு கணம் நின்று அவன் வாயைப் பார்த்ததுபோல இருந்தது.

"முடியல நெரிடா. இழுப்பு பயங்கரமா இருந்துச்சு."

"ம்," என்றாள். "ஒரு தடவ கேட்டுக்கலாம்னுதான்."

வெள்ளிக்கிழமை அவன் முடிவெடுத்துவிட்டான். அழிக்க முடியாததை மூட முடியும். முப்பத்தெட்டு வருடமாக அவன் செய்துவந்த தொழிலே அதுதான்: உள்ளே என்ன இருந்தாலும் மேலே ஒரு தோல். நெரிடா கேட்டபடியே உள்ளே இருப்பது உள்ளேயே இருக்கட்டும். காளைத் தோல் நல்ல தடிமன்; அடியில் மெழுகுத் துணி ஒன்று. சனிக்கிழமை ஒரு பகல் மட்டும் தாங்கினால் போதும். பிறகு அந்தக் கார் கொட்டகையில் தூங்கும். எந்தப் பூசணம் எதை எழுதினாலும் படிக்க ஆள் இருக்காது.

அவன் கோணியைப் பார்க்காமலே வேலை செய்தான். பார்க்காவிட்டாலும் தெரிந்தது. வரிகள் கூடிக்கொண்டே இருந்தன. துணி விரித்த கைக்கு அடியில் மேடும் பள்ளமுமாக அவை நெளிந்தன. உறையைத் தைத்து, உள்புறம் வெளிப்புறமாகத் திருப்பி, சீட்டின் தலைமேல் மாட்டி, ஈரத் தோலை அங்குலம் அங்குலமாகக் கீழே இழுத்தான். மணி நாலு. குளிர்காலத்துச் சூரியன் தகரச் சுவரின் ஆணி ஓட்டைகள் வழியே மஞ்சள் குச்சிகளாக உள்ளே நீண்டது. ஸ்டாவ் கடையின் இரும்புக் கதவை இழுத்துச் சாத்தும் சத்தம் கேட்டது. "நாளைக்குப் பாக்கலாம்டா!" என்று ஒரு குரல். பிறகு அவனுடைய வண்டி போகும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

மிச்சமிருந்தது ஒரே ஒரு வேலை. உறைக்கும் மயிருக்கும் நடுவில் கையைத் தோள்வரைக்கும் விட்டு, மேல்மூலையில் சுருண்டிருக்கும் மயிர்க் கட்டியைச் சமன்படுத்த வேண்டும். எல்லாச் சீட்டுக்கும் செய்வதுதான். ஆயிரம் தடவை செய்ததுதான். அவன் சீட்டைத் தரையில் இறக்கி, முட்டிபோட்டு, கன்னத்தைப் புதுத் தோலில் சாய்த்து, வலது கையை உள்ளே விட்டான்.

முழங்கைவரை காய்ந்த மயிர். முழங்கைக்கு மேல் ஈரம். வெதுவெதுப்பு. விரல்கள் மேல்மூலையைத் தேடின. மயிர்க் கட்டியைத் தொட்டன. மயிர் குட்டையாக இருந்தது. மெல்லியதாக இருந்தது. ஒரு பக்கம் வகிடு எடுத்திருந்தது.

கையை இழுத்தான். வரவில்லை.

ஸ்பிரிங்கில் மாட்டியிருக்கும் என்று நினைத்தான். மணிக்கட்டைச் சுழற்றினான். சுற்றிப் பிடித்திருந்ததும் கூடவே சுழன்றது. ஸ்பிரிங்குக்கு ஐந்து விரல் கிடையாது.

"கெவ்."

பிடி இறுகியது.

"கெவ், நான் வரதாத்தான் இருந்தேன். சத்தியமா. பத்து நிமிஷம்தான்…"

இழுத்தது. தோள் உள்ளே போனது. கன்னம் தோலில் உரசி எரிந்தது. இடது கையால் மேசைக்காலைப் பற்றினான். மேசை அவனோடு நகர்ந்து வந்தது. எங்கிருந்தோ பெப்பர்மின்ட் மணந்தது. உறையின் வாய் அவன் கழுத்தைச் சுற்றி விரிந்தது. மயிர் உதட்டில். மயிர் பல்லில். கத்தினான். சத்தத்தை மயிர் தின்றது. ஆறு நாறியது. இடுப்பு. முட்டி. ஒரு செருப்பு கழன்று விழுந்தது.

வெளியே, அவனுடைய சொந்த மெஷின் ஓடத் தொடங்கியது.

நிதானமாக. யாரும் அவசரப்படாமல்.

சனிக்கிழமை வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை என்பதைப் பிறர் பேசியதிலிருந்துதான் அவன் தெரிந்துகொண்டான். கிரிக்கெட் மைதானத்தின் புல், வறுத்த வெங்காயம், சாசேஜ், மெருகு எண்ணெய்: எல்லாம் தோலைத் தாண்டி மங்கலாக வந்தன. ஒரு ஸ்பிரிங் அவன் விலா இரண்டுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தது. கை எது, கோணி எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. மூச்சு விட முடியவில்லை. மூச்சு விடாமல் சாகவும் முடியவில்லை.

"ராஸ் எங்க?" ஸ்டாவின் குரல். "பரிசு வாங்கற நாளாப் பாத்து ஓடிட்டானா?"

"மீன் புடிக்கப் போயிருப்பான்," என்றாள் நெரிடா. "காலைல போனேன். பட்டறை தொறந்து கெடந்துச்சு. சீட்டு மட்டும் முடிஞ்சு வாசல்ல நின்னுது. ஒரு செருப்பு வேற கெடந்துச்சு, குடிகாரன் கணக்கா."

கதவு திறந்தது. எடை இறங்கியது. கனத்த மனிதர், யாரோ ஜட்ஜ். ராஸின் முகத்தின்மேல் உட்கார்ந்து, ஒரு தடவை எழும்பி, மறுபடி உட்கார்ந்து பார்த்தார்.

"உள்ள பழைய குதிரை மயிரேதானாம்மா?"

"எல்லாம் உள்ளதுதான் சார். எதையும் வெளிய எடுக்கல."

"அபாரம். மெத்து மெத்துன்னு இருக்கு. கொஞ்சம் சூடாக்கூட இருக்கே."

"வெயில்ல நின்னுச்சுல்ல."

அவர் இறங்கினார். அடுத்த எடை இலேசாக இருந்தது. எடையல்ல, ஒரு பழக்கம். முப்பது வருடம் அதே இடத்தில் உட்கார்ந்து வந்த ஒருத்தியின் பழக்கம். கதவு மூடிக்கொண்டது. மைதானத்தின் இரைச்சல் அடங்கியது. நெரிடா குனிந்திருக்க வேண்டும். குரல் தோலுக்கு அடுத்தாற்போல், மிகப் பக்கத்தில் கேட்டது.

"அன்னைக்கு ஒம்பதே முக்காலுக்கு அவன் எனக்குப் போன் பண்ணான், ராஸ். சிரிச்சிட்டே பேசுனான். 'பயப்படாத நெரிடா. ராஸ் வந்துட்டான்.' அவ்வளவுதான். பேட்டரி போயிடும்னு வச்சிட்டான்." அவள் உள்ளங்கை தோலை ஒருமுறை நீவிவிட்டது. "போலீஸ்ல நான் சொல்லல. கோர்ட்டுல ரெண்டு வருஷம் கொடுப்பாங்க. ரெண்டு வருஷம் எனக்கு எந்த மூலைக்கு?"

ராஸ் வாயைத் திறந்தான். மயிர் இன்னும் கொஞ்சம் உள்ளே போனது. இருட்டில், அவனுக்கு வலப்பக்கத்தில், யாரோ கனமாகப் புரண்டு நகர்ந்து அவனுக்கு இடம் கொடுத்தார்கள். மூவர் அமரும் சீட். இடத்துக்குக் குறைவில்லை.

கதவு மறுபடி திறந்தது. வெளிச்சத்துக்குள் இறங்கி நின்று நெரிடா குரலை உயர்த்தி, சந்தையில் கடை விரித்தவள்போல உற்சாகமாகக் கூப்பிட்டாள்.

"வாங்க, வாங்க! ஃபோட்டோ எடுக்கறவங்கள்லாம் வரிசையில வாங்க. ஒரு தடவைக்கு மூணு பேரு ஏறலாம். கூச்சப்படாதீங்க, நல்லா அழுத்தி உக்காருங்க."